தாய்க்கு மட்டும் எழுதிய கடன்

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றி இந்நாட்டில் நடைபெற்ற வாதப் பிரதிவாதங்களுக்குக் கணக்கில்லை. ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக மேடைதோறும் முழங்கி, 2021 ஆம் ஆண்டிலே சம்பளச் சபையின் தீர்மானமாக வெளிவந்தது. 2024 இல் அது 1350 ரூபா ஆயிற்று. கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. தொழிற்சங்கங்கள் கொடி தூக்கின. அமைச்சர்கள் அறிக்கைக்கு மேல் அறிக்கை விட்டனர். இத்தனை ஆரவாரத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வியை மட்டும் எவரும் எழுப்பினாரல்லர். அந்தச் சம்பளத்தைப் பெறுகின்ற பெண் தொழிலாளியின் வேலைநாள் உண்மையில் எத்தனை மணி நேரம் கொண்டது?

எட்டு மணி நேரம் என்று சட்டம் விடை கூறும். சட்டம் பெரட்டுக் களத்தில் எண்ணத் தொடங்கிக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எண்ணி முடித்துவிடுகின்றது. அப்பெண்ணோ அதற்கு முன்னரே, பொழுது புலராத வேளையில் எழுந்து, பீலியிலே தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளைகளுள் மூத்ததைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தி, இளையதைத் தூக்கிச் சென்று பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு வருகிறாள். சற்றுத் தாமதித்தால் அன்றைய பேர் இல்லை. குறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர். மாலையிலே கூடை இறக்கியபின் விறகு பொறுக்குதலும், சமைத்தலும், துவைத்தலும், பிள்ளையைக் குளிப்பாட்டி உறங்க வைத்தலும் காத்திருக்கின்றன. கவ்வாத்து வெட்டுகின்ற, முள்ளுக் குத்துகின்ற, கான் வெட்டுகின்ற ஆண் தொழிலாளிக்கு அன்றைய கணக்கு முடிந்தால் நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் வேலை ஓய்ந்துவிடுவது தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். அவன் மலையிலிருந்து இறங்கி வந்து இரண்டு மூன்று மணி நேரம் கழிந்த பின்னரே அவள் வருகிறாள். வந்து, அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறாள்.

1984 ஆம் ஆண்டு வரையில் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிலும் குறைந்த ஒரு கூலி இருந்தது. 1927 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டமே ஆண், பெண், பிள்ளை என்று மூன்று தராசு வைத்து நிறுத்தது. வேலைநிறுத்தத்தின் பேறாக 1984 இல் கூலி சமமாயிற்று. அது பெருவெற்றி. எனினும் மலையிலே சமமான கூலி, லயத்திலே சமமான வேலையாக மாறவில்லை. மாற வேண்டும் என்று கோரியவரும் இலர்.

இக்குறை மலைநாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. யாழ்ப்பாணத்து ஆசிரியையும், கொழும்பு அலுவலகத்து இலிகிதையும், மட்டக்களப்பு வைத்தியசாலைத் தாதியும் இதனையே வேறு உடையில் அனுபவிக்கின்றனர். இலங்கைத் தொகைமதிப்புத் திணைக்களம் 2017 ஆம் ஆண்டிலே முதன்முறையாக மக்கள் நாளைக் கழிக்கும் விதம்பற்றி ஓர் ஆய்வு நடத்திற்று. கூலியில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் ஈடுபடுவோர் பெண்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பேர் என்றும், ஆண்களுள் 60 பேர் என்றும் அது கண்டது. ஆண்களுள் 60 பேரா என்று வியப்போர், கடைக்குப் போய் மீன் வாங்கி வருதலும் அக்கணக்கில் சேரக்கூடியது என்பதை நினைவிற் கொள்க. இந்நாட்டு வயதுவந்த பெண்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவரே ஊதியத் தொழிலில் உள்ளார் அல்லது தொழில் தேடுகிறார். எஞ்சியோர் ‘வேலை செய்யாதோர்’ என்று புள்ளிவிபரத்தில் எழுதப்படுகின்றனர். ஒரு வீட்டில் காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரையில் நிற்க நேரமின்றி உழைப்பவளுக்கு அரசாங்கம் சூட்டிய பெயர் இது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்நிலைக்கு வழக்கத்தையும் மனப்பான்மையையும் மட்டும் குறைகூறி அமைந்துவிடுவது பலருக்கு வசதியாயிருக்கிறது. மனப்பான்மை மாற நூறாண்டு செல்லும் என்று சொல்லி அதுவரையில் கைகட்டியிருக்கலாமல்லவா! சட்டத்தொழில் புரிகின்ற நமக்கோ வேறொன்று தெரிகிறது. மனப்பான்மை என்று நாம் அழைப்பதன் பெரும்பகுதி அச்சிட்ட சட்டமாகவே இருக்கின்றது. பிள்ளை என்பது தாய் ஒருத்தியின் கடன் என்று எழுதி வைத்தவர்கள் மாமியாரும் ஊராரும் மாத்திரமல்லர். சட்டவாக்க சபையும் அவர்களோடு கூடி எழுதியிருக்கிறது.

1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். சர்வசன வாக்குரிமை 1931 இல் வந்தபின், அரசாங்க சபைக் காலத்திலே பிறந்த நற்சட்டங்களுள் அது ஒன்று. பிரசவித்த தொழிலாளியை வேலைக்கு இழுத்தல் ஆகாது, அவளுக்குக் கூலியோடு ஓய்வளிக்க வேண்டும் என்று விதித்தது. இன்று அவ்வோய்வு 12 வாரமாக இருக்கின்றது. மூன்றாம் பிள்ளை முதல் அதனைப் பாதியாக்கி வைத்திருந்த அநீதி 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தினால் நீங்கியது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை. வேலைத்தலத்திலே பிள்ளை காப்பகம் இருப்பின் அரை மணி நேரம், இல்லையேல் ஒரு மணி நேரம் என்றும் சட்டம் கூறுகிறது. நன்று. ஆனால் அச்சட்டத்தை முதலிலிருந்து இறுதிவரை படித்துப் பார்ப்பவர் அதனுள் இருவரை மாத்திரமே காண்பர்: தாய், முதலாளி. தந்தை அதில் இல்லை. அரசு, மீறியவனைத் தண்டிக்கும் இடத்திலன்றி வேறெங்கும் இல்லை.

அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் தாய்க்கு 84 நாள் முழுச் சம்பள விடுமுறையும், வேண்டின் மேலும் 84 நாள் அரைச் சம்பளத்துடனும், அதற்கு மேலும் 84 நாள் சம்பளமின்றியும் கிடைக்கின்றன. அதே அலுவலகத்திலிருக்கும் தந்தைக்கு எத்தனை நாள்? மூன்று நாள். குழந்தையைப் பார்த்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்து, உறவினருக்குக் கற்கண்டு கொடுத்து முடிவதற்கு அம்மூன்று நாள் போதும். தனியார் துறையில் இருப்பவருக்கோ அந்த மூன்று நாளையும் கொடுக்கும்படி எச்சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

இதனோடு 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தை ஒப்பு நோக்குதல் பயன்தரும். அதற்கு முன்னிருந்த 1889 ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியையும் பிள்ளைகளையும் தாபரிக்கும் கடமையை ஆணின் தலையில் வைத்தது. 1999 இல் அது மாறிற்று. வருவாயுடைய மனைவி, தன்னைத் தாபரிக்க இயலாத கணவனைத் தாபரிக்கக் கடமைப்பட்டவளானாள். பிள்ளைக்குப் பணம் கொடுக்கும் கடமை பெற்றோர் இருவர்க்கும் உரியதாயிற்று. ஆண் பெண் சமத்துவத்தின் பெயராலே இது செய்யப்பட்டது, நாமும் வரவேற்றோம். ஆனால் பணத்தால் தாபரிக்கும் கடனை இருபாலார்க்கும் பொதுவாக்கிய அதே அரசு, கையால் தாபரிக்கும் கடனைத் தாயினிடத்திலேயே விட்டுவைத்தது ஏன்? ஆணின் சுமையைப் பெண்ணோடு பங்கிட ஒரு பாராளுமன்றச் சட்டம் உண்டு. பெண்ணின் சுமையை ஆணோடு பங்கிட மூன்று நாள் விடுமுறை! மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது இதுதான்.

முதலாளியின் முறைப்பாடு

யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ சிறு கடை, அச்சகம், தனியார் கல்வி நிலையம் நடத்துகின்ற எவருடனும் இதுபற்றிப் பேசிப் பாருங்கள். “பெண் பிள்ளையை வேலைக்கு வைத்தால் நாளைக்குக் கலியாணம், மறுவருடம் பிரசவம், மூன்று மாதச் சம்பளம் நான் கொடுக்க வேண்டும். ஆண் பிள்ளையை வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே” என்பார். நேர்முகத் தேர்விலே ‘கலியாணம் எப்பொழுது?’ என்று பெண்ணை மாத்திரம் கேட்கும் கேள்வியின் பிறப்பிடம் இதுவே. அவரைக் கொடியவர் என்று ஏசுதல் எளிது. அவர் கணக்கைச் சற்று நோக்குவோம். நான்கு பேர் வேலை செய்யும் கடை. ஆளுக்கு ஆண்டிலே 300 வேலைநாள். மொத்தம் 1200 நாட் சம்பளம். ஒரு பிரசவம் நேரின் 84 நாட் சம்பளம், அதாவது நூற்றுக்கு ஏழு, வேலை பெறாமலே கொடுக்கப்பட வேண்டும். அச்சிறு முதலாளிக்கு அது பாரமே. இனி நூறு பேர் வேலை செய்யும் ஒரு ஸ்தாபனத்தில் ஆண்டுக்கு இரண்டு பிரசவம் என்று கொள்வோம். 30,000 நாட் சம்பளத்தில் 168 நாள். நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆகவே சுமை பெரியதன்று. தனியொருவர் தலையில் வைக்கப்படுவதனாலேயே அது பெரியதாகிறது. நாடு முழுவதும் தாங்கினால் எவருக்கும் தெரியாத சுமை அது.

இது நமது கண்டுபிடிப்பன்று. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 103 ஆம் இலக்க மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயம், 1952 ஆம் ஆண்டிலேயே, மகப்பேற்று நன்மைகள் கட்டாயச் சமூகக் காப்புறுதியிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வழங்கப்பட வேண்டும் என்றும், எக்காரணம் கொண்டும் முதலாளி தன் பெண் தொழிலாளர்க்குரிய அந்நன்மைகளுக்குத் தனித்துப் பொறுப்பாளியாதல் ஆகாது என்றும் விதித்தது. அச்சமவாயத்தை இலங்கை 1993 இல் ஏற்றுக் கையொப்பமிட்டது. ஏற்ற நாள் தொட்டு மூன்று தசாப்தங்களுக்கு மேலாகச் சட்டத்தை மாற்றாமலே இருந்துவிட்டது. உலகின் முன்னே ஒரு சொல்லும் உள்நாட்டில் வேறொரு செயலுமாக நடப்பதில் நமது அரசாங்கங்கள் கட்சி வேறுபாடின்றி ஒன்றுபட்டுள்ளன என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று திறைசேரி கேட்கும். போகவேண்டிய இடம் திறைசேரிக்குத் தெரியும். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 12 உம் ஊழியரிடமிருந்து 8 உம் அறவிடுகிறது. 1980 ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டம் முதலாளியிடமிருந்து நூற்றுக்கு மூன்று அறவிடுகிறது. ஊழியர் ஆணா பெண்ணா என்று அவ்விரு நிதியங்களும் கேட்பதில்லை. அதே முறையில், எல்லா முதலாளிகளும் எல்லா ஊழியர் பேரிலும் சிறு வீதமொன்றைச் செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்க்க, அந்நிதியிலிருந்து தாய்க்கும் தந்தைக்கும் விடுமுறைச் சம்பளம் கொடுப்பதற்குத் தடை என்ன? பெண்ணே இல்லாத கடையும் செலுத்தட்டும். அந்தக் கடையில் வேலை செய்யும் ஆண்கள் வானத்திலிருந்து விழுந்தவர்களா? அவர்களையும் ஒருத்தி பெற்றாள். இன்று அவர்களது பிள்ளைகளை வேறொரு முதலாளியிடம் வேலை செய்யும் பெண் பெற்று, அந்த வேறொரு முதலாளி செலவைத் தாங்குகிறான். இவன் மிச்சம் பிடிக்கிறான். நியாயமான முதலாளி தண்டிக்கப்பட்டுப் பெண்ணை ஒதுக்கியவன் பரிசு பெறும் ஏற்பாடு இது.

தந்தைக்கு விடுமுறை என்றதும் சிரிப்போர் உளர். விடுமுறை கொடுத்தால் அவர் தவறணையிலன்றி வீட்டிலா இருப்பார் என்பர். ஆணைப்பற்றி இத்துணை இழிவான அபிப்பிராயம் பெண்ணுரிமை பேசுவோரிடத்தில்கூட நாம் கண்டதில்லை! உலக அனுபவம் வேறு. சுவீடன் 1974 இலேயே தாய் தந்தை இருவருள் எவரும் எடுக்கத்தக்க விடுமுறையைச் சட்டமாக்கிற்று. எவரும் எடுக்கலாம் என்றிருந்தபோது பெரும்பாலும் தாயே எடுத்தாள். நோர்வே 1993 இலே நான்கு வாரத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கி, அவர் எடுக்காவிடின் அது குடும்பத்துக்கு இல்லாமற் போகும் என்று விதித்தது. அதன்பின் தந்தையர் பெருந்தொகையினராய் அதனை எடுக்கலாயினர். அந்நாட்டு ஆண்கள் நம்மவரிலும் நற்பண்புடையோராய்ப் பிறந்தவரல்லர். ‘முதலாளி விடமாட்டான்’ என்ற சாட்டைச் சட்டம் அவர்களிடமிருந்து பறித்தது, அவ்வளவே. பிள்ளையின் முதல் மாதத்தில் கையில் ஏந்திப் பழகியவர், அதற்குக் காய்ச்சல் வரும் இரவில் தாயை எழுப்பிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வது அரிது.

நிற்க. கணவனும் மனைவியும் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லி அரசு விலகிக்கொள்ள இடங்கொடுத்தலும் ஆகாது. பங்கிடுவதற்கு ஆணே இல்லாத வீடுகள் நம்மிடையே எத்தனை! 2009 இல் முடிந்த போரின்பின் வன்னியில், கணவனை இழந்த, கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைக் கேளுங்கள். கூலிக்குப் போனால் பிள்ளைக்குக் காவலில்லை. காவலிருந்தால் அடுப்பில் உலையில்லை. அவர்களிடம் சென்று ஆண் பெண் வேலைப் பங்கீடுபற்றிப் பிரசங்கம் செய்தல் புண்ணிலே கோல் இடுவதாகும். அவர்களுக்குப் பங்காளி அரசு ஒன்றே.

அந்தப் பங்காளி நடந்துகொண்ட விதத்துக்கு ஒரு சான்று. வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்குச் செல்ல விரும்பும் பெண், குடும்பப் பின்னணி அறிக்கை பெற்றாக வேண்டும் என்றும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருப்பின் செல்லலாகாது என்றும் 2013 இல் அரசாங்கம் சுற்றறிக்கை விட்டது. தந்தையர் எவருக்கும் அத்தகைய தடை இல்லை. பிறர் பிள்ளைகளை வளர்த்துப் பெறும் அந்நியச் செலாவணி அரசுக்கு வேண்டும்; அவளுடைய பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு மட்டும் அரசுக்கு வேண்டாம். 2022 இல் நாடு டொலருக்குத் தவித்தபோது இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில், அப்பெண்ணின் கிராமத்திலே நாட்காப்பகம் ஒன்று நிறுவுவோம் என்ற சிந்தனை ஆட்சியாளர்க்குத் தோன்றவில்லை. பிள்ளை நலமே நோக்கமாயிருந்திருப்பின் முதலில் அதுவல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

பிள்ளைக்காம்பராவும் பள்ளிக்கூடமும்

இவ்விடத்தில் தோட்டத்துரைமாரிடமிருந்து நாடு கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. நாம் அவர்களைப் புகழ்வது அரிது; ஆகையால் வாசகர்கள் இதனைத் தவறாகக் கொள்ளார் என நம்புகிறோம். பிள்ளைக்காம்பரா என்றும் பிள்ளை மடுவம் என்றும் தோட்டத்து மக்கள் அழைக்கும் இடம் இலங்கையின் வேறெந்தத் தொழிலிலும் இல்லாத காலத்திலேயே தேயிலைத் தோட்டங்களில் இருந்தது. அன்பினால் கட்டியதன்று. தாயின் கை கொழுந்துக்கு வேண்டுமெனின் பிள்ளைக்கு வேறொரு கை வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டியது. பலவிடங்களில் அது இருண்ட அறையாகவும், ஆயா ஒருவரிடம் அளவுக்கு மிஞ்சிய பிள்ளைகளை ஒப்படைத்த தொழுவமாகவும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் சென்றபின் அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் பெற்றன, சில திருந்தியுமுள்ளன. சொல்ல வந்தது இதுவே: பிள்ளை பராமரிப்பு உற்பத்திச் செலவின் ஒரு பகுதி என்பதை அந்நியக் கம்பனி ஒப்புக்கொண்டது. 1978 இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம் ஒப்புக்கொள்ளவில்லை. மணமாகாத இளம் பெண்களை எடுத்து, மணமானதும் அவர்கள் தாமாகவே விலகிப்போகும் ஏற்பாட்டிலே அது தழைத்தது. இன்று வடக்கிலும் தையல் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. அவை வந்தபோது நாடா வெட்டிய அரசியல்வாதிகள் எவரேனும் பிள்ளை காப்பகம் எங்கே என்று வினவினரா?

ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்கு அரசு பள்ளிக்கூடம் தருகிறது, புத்தகம் தருகிறது, ஆசிரியர் சம்பளம் தருகிறது. 1945 முதல் இலவசக் கல்வி நமது பெருமை. ஐந்து வயதுக்கு முன் அந்தப் பிள்ளை யாருடையது? முன்பள்ளிகளை நடத்துவோர் பெரும்பாலும் தனியாரும் மத நிறுவனங்களும் சங்கங்களுமே. அவற்றின் ஆசிரியைமாருட் பலர் பெறும் கொடுப்பனவு, தோட்டத்து நாட்சம்பளத்தோடு ஒப்பிடவும் நாணத்தக்கது. அவையும் பன்னிரண்டு மணிக்கு முன்னே மூடிவிடும். எந்தத் தாய்க்குக் காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும் வேலை கிடைக்கிறது? அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை குடும்பத்தைச் சமூகத்தின் அடிப்படை அலகாக அரசு ஏற்றுப் பாதுகாக்கும் என்கிறது. அவ்வத்தியாயத்தில் உள்ளவற்றை எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது என்று 29 ஆம் உறுப்புரை கூறுவதை அறியாதார் அதனைப் படித்து மகிழலாம்.

முதியோர் பற்றியும் ஒரு சொல். 2012 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பிலேயே நூற்றுக்கு 12 பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தோராயிருந்தனர். இன்று அது இன்னும் கூடியிருக்கிறது. பெற்றோரைக் கைவிடலாகாது என்று 2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளைக் கட்டுகிறது. நடைமுறையில் கனடாவிலிருந்து மகன் பணம் அனுப்புவான். படுக்கையிலிருக்கும் தாயைத் தூக்கிக் குளிப்பாட்டுபவள் ஊரிலிருக்கும் மகள். மகளும் வெளிநாட்டில் எனின், அயலிலுள்ள ஏழைப் பெண். அவளுக்கு நேரமில்லை, ஒப்பந்தமில்லை, சேமலாப நிதியில்லை. மரண அறிவித்தலிலே மகன் பெயர் முதலில் வரும்.

எமது பண்பாடு என்னும் கேடயம்

இவையெல்லாம் மேல்நாட்டுப் போக்கு; தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்று கூறுவோர்க்கும் விடை கூறவேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழர்க்குரிய தேசவழமையை அவர்கள் பண்பாட்டின் பெட்டகம் என்று போற்றுவர். மலையகத் தமிழரையும் மட்டக்களப்புத் தமிழரையும் அச்சட்டம் ஆளுவதில்லையாயினும், வாதத்தின் பொருட்டு அதனையே பார்ப்போம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த அவ்வழமையிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூவகை ஆதனம் உண்டு. மணவாழ்க்கைக் காலத்திலே தேடியது தேடியதேட்டம். தேடியவன் கணவனே ஆயினும் அது இருவர்க்கும் பொது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டமும் அதனைக் கணவன் மனைவி இருவரும் சமமாக உரித்துடைய பொது ஆதனம் என்றே வைத்தது. ஏன் பொது? கணவன் மலாயாவுக்குப் போய்ப் புகையிரத இலாகாவில் உத்தியோகம் பார்த்துக் காசு அனுப்பினான் எனின், அவன் பிள்ளைகளை வளர்த்து, அவன் தாய் தந்தையரைப் பார்த்து, அவன் வளவைக் காத்தவள் மனைவி. அவளது உழைப்பும் அக்காசிலே கலந்திருக்கிறது. இதனைப் பொருளியல் நூல் படியாத நமது முன்னோர் விளங்கியிருந்தனர்.

அவ்விளக்கத்தை அழித்தது மேல்நாட்டுப் பெண்ணியமன்று. 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தம். அதன்பின் தேடியதேட்டம் தேடியவர்க்கே உரியதாயிற்று. அவர் இறக்கும்போது, மரணசாதனத்தாலோ வேறு வகையாலோ பராதீனம் செய்யாது விட்டதில் பாதி, உயிரோடிருக்கும் துணைக்கு. உயிருள்ள வரையில் வீட்டுவேலை செய்தவளுக்கு உயிருள்ள வரையில் உரித்தில்லை! ஆனால் மனைவி தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற 1911 ஆம் ஆண்டு விதியை மட்டும் எவரும் தொடவில்லை. பண்பாட்டின் பெயராலே வாதாட வருவோர் இவற்றுள் எதனைப் பண்பாடு என்கின்றனர் என்பதை முதலிற் கூறட்டும். பழைய தேடியதேட்டமே பண்பாடாயின், அதனை மீட்டெடுக்கும் இயக்கத்திலே நாமும் சேரச் சித்தமாயிருக்கிறோம்.

இனி நம்மவர் கட்சிகள். தமிழ் பேசும் மக்களின் விடுதலைபற்றிப் பேசும் எக்கட்சியின் மேடையிலும் ‘தாய்க்குலமே’ என்ற விளி ஒலிக்காத நாளில்லை. குலத்துக்கு வணக்கம், தாய்க்கு நாட்காப்பகம் இல்லை. மாதர் முன்னணிக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்துவிட்டு, ‘பெண்களுக்கு அரசியலில் ஆர்வம் போதாது’ என்று செயலாளர் அறிக்கை எழுதுவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். ஆறு மணிக்கு அடுப்பில் என்ன இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அது தானாகவே இலையில் வந்து விழும் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். மாகாண சபையின் அதிகாரங்கள் குறித்து எத்தனையோ ஏடுகள் எழுதினோம். முன்பள்ளிக் கல்வியை நெறிப்படுத்தச் சொந்த நியதிச்சட்டம் ஆக்குவதற்கு மாகாண சபைகளுக்கு இடமுண்டு. அந்த இடத்தை நாட்காப்பகம் வரையில் விரித்து நம் கையிலுள்ளதைச் செய்து காட்டியபின், கையில் இல்லாததற்கு வாதாடும்போது நம் குரலுக்குக் கனம் கூடும்.

தொழிற்சங்கத் தோழர்களிடம் ஒன்று கேட்கலாம். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குரிய கோரிக்கைப் பத்திரம் எழுதப்படும்போது, கிலோவும் ரூபாவும் வழக்கம்போல முதற் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாம் பக்கத்தில், ஆண் வேலை முடியும் நேரத்துக்கும் பெண் வேலை முடியும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒழித்தல். பிள்ளைக்காம்பரா தொழிலாளர் பிள்ளைகள் எல்லார்க்கும், தாய் பேர் போட்ட நாளில் மட்டுமன்றி, திறந்திருத்தல். அங்குள்ள ஆயாமார்க்குச் சம்பளச் சபை நிர்ணயிக்கும் சம்பளம். தந்தைக்குக் கூலியோடு நான்கு வாரம். இவற்றின் செலவுக்குப் பொது நிதியம் என்பன எழுதப்படட்டும். கம்பனிகள் மறுக்கும். 1984 க்கு முன் சமகூலியையும் அவர்கள் மறுத்தனர்.

அப்பத்திரத்தை எழுதும் குழுவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதை உறுப்பினர் கேட்டறிதல் வேண்டும். குழுவின் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கலாம். வருகின்ற பெண்களின் பிள்ளைகளைக் கூட்டம் முடியும்வரை பார்த்துக்கொள்ள ஆண் தோழர்கள் இருவரை முன்கூட்டியே பிரேரணை மூலம் நியமித்து, அவர்கள் பெயரைக் கூட்ட அறிக்கையிலே பதிதல் நன்று.